தம்பதி கவுன்சிலிங்: கேட்பவரா, தீர்ப்பு சொல்பவரா, பயிற்சி தருபவரா, ஆழத்துக்குக் கூட்டிப்போகிறவரா?

“ரெண்டு பேர்கிட்ட போய்ப் பார்த்துட்டோம். முதல் ஆள் நாங்க சண்டை போடுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தார், வாயே திறக்கல. ரெண்டாவது ஆள் அரை மணி நேரத்துல யார் மேல தப்புன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது எனக்குச் சாதகமாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுக்காரர் இனிமே வரவே மாட்டேங்கிறார். யார்கிட்ட தொடர்றது?”

ஆட்களும் விவரங்களும் மாறி மாறி இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. நானும் மனைவியும் கவுன்சிலிங் போனவர்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டதன் பலன். கேட்கிறவர்கள் பட்டம், அனுபவம், கட்டணம், எந்த முறையில் பயிற்சி என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருப்பார்கள். அறைக்குள் அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். “நல்லவராத்தான் தெரிஞ்சார்” என்பதோடு பதில் முடிந்துவிடும்.

முறையின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமே என்றால், அதற்கு ஆதாரம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் குழுவினர், உறவு மிகவும் மோசமான நிலையில் இருந்த 134 தம்பதிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு முறைகளில் சிகிச்சை கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேர் தெளிவாகத் தேறியிருந்தார்கள். கால்வாசிக்குச் சற்று மேல் பிரிந்திருந்தார்கள். இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்து முறையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வில் சிகிச்சை கொடுத்தவர்கள் எல்லாருமே பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வையோடு வேலை செய்தவர்கள். அதாவது, அறைக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள்.

இன்னொரு பக்கம், 2018இல் மிர்னா ஃப்ரீட்லாண்டரும் கூட்டாளிகளும் தம்பதி, குடும்ப சிகிச்சை பற்றிய 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வந்தவர்களுக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் உறவு எவ்வளவு பலமாக இருந்ததோ, அதற்கேற்ப முடிவும் நன்றாக இருந்தது. தொடர்பு மிதமானதுதான், சுமார் 0.3 (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு). ஆனால் தேர்ந்தெடுக்கிற நம்மால் நேரில் பார்த்து எடைபோடக்கூடிய விஷயம் என்று பார்த்தால் இதைவிட உருப்படியாக வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

இரண்டு பேருக்குமே அவர் நம் ஆளாகத் தெரிகிறாரா? இதுதான் முதலாவது, இதுதான் கடினமானதும். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இலேயே சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம், ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறோம். தனி ஆள் சிகிச்சையில் ஒரு உறவுதான். தம்பதி சிகிச்சையில் கணவனோடு ஒன்று, மனைவியோடு ஒன்று, இருவரும் சேர்ந்த ஜோடியோடு ஒன்று என மூன்று. ஒருவருக்கு அவர் தெய்வமாகவும் இன்னொருவருக்கு எதிர்க்கட்சி வக்கீலாகவும் தெரிந்தால், பிளவுபட்ட கூட்டணி என்பார்கள். பெரும்பாலும் அவரை எதிர்க்கட்சி வக்கீலாகப் பார்க்கிறவர்தான் முதலில் வருவதை நிறுத்துகிறார்.

சண்டையை நிறுத்தத் தெரிகிறதா? குரல் உயரும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

இங்கே சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்காதா? கேட்கச் சங்கடமான கேள்வி. ஆனாலும் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு ஏதாவது கூட வருகிறதா, இல்லை எல்லாம் அந்த அறையோடு போய்விடுகிறதா?

குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார்? இதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் அளவுகோலை நான் கற்றுக்கொண்ட விதம் வேடிக்கையானது. எங்கள் கவுன்சிலரிடம் மூன்றாவது செஷன் முடிந்து லிஃப்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். “நீங்க பேசும்போது அவர் எழுதிக்கிட்டே இருக்கார். நான் பேச ஆரம்பிச்சா பேனாவை மூடி வச்சிடுறார். பார்த்தீங்களா?” என்றாள் மனைவி. நான் பார்த்திருக்கவில்லை. எழுதப்படுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்! அடுத்த வாரம் கவனித்தேன். நீல மூடி போட்ட பேனா. நான் வாயைத் திறந்ததும் மூடி கழன்றது, அவள் ஆரம்பித்ததும் ‘டக்’கென்று ஏறியது. அந்தச் சத்தம் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்ததில், அன்றைக்கு என்ன பேசினோம் என்பதே மறந்துவிட்டது.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. தம்பதி சிகிச்சைப் பதிவுகளை வைத்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சையாளர்கள் ஆண்களைவிடப் பெண்களை மூன்று மடங்கு அதிகமாகக் குறுக்கே வெட்டிப் பேசியது தெரிந்தது. சிகிச்சையாளர் பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. இனி, தலைப்பில் சொன்ன நான்கு வகைக் கவுன்சிலர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

## மௌனமாகக் கேட்பவர்

தலையசைப்பார், “ம்ம்” என்பார், கடைசியில் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். பெரும்பாலும் தனி ஆள் சிகிச்சையில் ஊறியவர். அங்கே இந்தப் பழக்கம் நன்றாகவே வேலை செய்யும். புரிந்துகொள்ளுதல், நிபந்தனையில்லாத ஏற்பு, பாசாங்கில்லாமை என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் சொன்ன குணங்களை இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை.

ஆனால் அறையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் மௌனத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. மனைவி பத்து நிமிடம் குற்றம் சாட்டும்போது கவுன்சிலர் தலையசைத்தால், “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பது அவளுக்குப் போய்ச் சேரும். “அவள் சொல்வது சரிதான்” என்பது கணவனுக்குப் போய்ச் சேரும். அடுத்து அவன் பேசும்போது இதே கதை மறுபக்கம்.

தம்பதி சிகிச்சைக்குப் போய் நிலைமை முன்னைவிட மோசமானவர்களைப் பற்றி ஆலன் கர்மனும் டேவிட் நிஸ்கெர்னும் 1978இல் எழுதினார்கள். அதோடு சேர்ந்து வந்த சிகிச்சையாளர் நடத்தைகளில் ஒன்று, ஆரம்ப செஷன்களுக்கு எந்த ஒழுங்கும் கொடுக்காமல் விடுவது. இன்னொன்று, உணர்ச்சி கொதிக்கிற விஷயத்தை அடித்தளம் போடாமலே சீக்கிரம் கிளறுவது. இரண்டும் ஒரே அறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு: வீட்டில் இலவசமாகப் போடுகிற சண்டையை இங்கே காசு கொடுத்துப் போடுகிறீர்கள். அதைவிட மோசம், “கவுன்சிலிங்கும் போய்ப் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல” என்ற முடிவு. அதன்பிறகு நல்லவரிடம்கூடப் போக மனம் வராது.

இவரே பொருத்தமானவர் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. ஒரு இழப்புக்குப் பிறகு வருகிற தம்பதிகள். இருவருக்கும் சண்டை இல்லை, பேச்சுதான் நின்றுபோயிருக்கிறது. அங்கே அவசரப்படாத ஒருவர் வேண்டும்.

## தீர்ப்பு சொல்பவர்

முதல் நாளே தெளிவு கிடைக்கும். யார் மாற வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார். பலருக்கு இவரைப் பிடிக்கும், குறிப்பாகத் தீர்ப்பு யாருக்குச் சாதகமோ அவருக்கு.

சிக்கல் என்னவென்றால், தீர்ப்பில் தோற்றவரும் உங்களோடுதான் ஒரே வண்டியில் வீடு திரும்புகிறார். ‘கவுன்சிலரே சொன்னாங்கல்ல’ என்பது அடுத்த சண்டைக்கு ஆயுதமாகிறது. அதைவிட முக்கியமானது, மனிதர்களை நேருக்கு நேர் மடக்கினால் அவர்கள் திருந்துவதில்லை, விறைத்துக்கொள்கிறார்கள் என்பது. ஜெரால்ட் பேட்டர்சனும் மரியன் ஃபார்கட்சும் 1985இல் பெற்றோர் பயிற்சி செஷன்களைத் துளித்துளியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் பாடம் எடுத்தபோதும் மடக்கியபோதும் எதிரே இருந்தவரின் எதிர்ப்பு ஏறியது. ஆதரவாகப் பேசியபோது இறங்கியது. குடிப்பழக்கம் உள்ளவர்களை வைத்து வில்லியம் மில்லர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்விலும் அதே கதை. சிகிச்சையாளர் எவ்வளவுக்கு மடக்கிப் பேசினாரோ, ஒரு வருடம் கழித்து அந்த ஆள் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் தம்பதிகளைப் பற்றியவை அல்ல. இருந்தாலும், நம் மனைவி எதிரில், நம்மைப் பற்றி, மூன்றாம் ஆள் பாடம் எடுத்தால் விறைப்பு குறையும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை.

முதல் செஷனிலேயே “பேசாம பிரிஞ்சிடுங்க” என்பவரும், எது நடந்திருந்தாலும் “அனுசரிச்சுப் போங்க” என்பவரும் இந்த வகைதான். இருவருமே உங்கள் முடிவை உங்களுக்குப் பதிலாக எடுக்கிறார்கள். ஒருவர் தொடர நினைத்து, இன்னொருவர் விலக நினைக்கிற தம்பதிகளுக்கென்றே வில்லியம் டோஹர்ட்டி என்ற தம்பதி சிகிச்சையாளர் ஒரு குறுகிய முறையை உருவாக்கியிருக்கிறார். அதிகபட்சம் ஐந்து செஷன். உறவைச் சரிசெய்வது அதன் வேலை இல்லை, சரிசெய்ய முயல்வதா வேண்டாமா என்று தெளிவாக்குவதுதான். உங்கள் நிலைமை இதுவென்றால் தீர்ப்பு சொல்பவரைவிட, இப்படிப் பொறுமையாகக் கேள்வி கேட்பவரைத் தேடுங்கள்.

கறாராகப் பேச வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் பிடுங்கி வைப்பது போன்றவை நடக்கும் வீட்டில் கவுன்சிலர் நடுநிலை பேசினால், அந்த நடுநிலை அடிக்கிறவருக்குத்தான் உதவும். ஆனால் அங்கே இருவரையும் ஒன்றாக உட்காரவைப்பதே பல நேரம் ஆபத்து. அறைக்குள் சொன்ன உண்மைக்கு இரவு விலை கொடுக்க வேண்டியிருக்கும். இதற்காகவே நல்ல கவுன்சிலர் ஆரம்பத்தில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்கு வீட்டில் பயமாக இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேட்பார். கேட்காதவரிடம், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், எனக்கு நம்பிக்கை வராது.

## பயிற்சி தருபவர்

விசில் ஊதுகிற கோச் மாதிரி. நீங்கள் சண்டையைத் தொடங்கியதும் கையை நீட்டி நிறுத்துவார். “அதே விஷயத்தை ‘நீங்க எப்பவுமே’ன்னு ஆரம்பிக்காம இன்னொரு தடவை சொல்லுங்க.” நீங்கள் எரிச்சலோடு சொல்வீர்கள். “இன்னும் ஒரு தடவை.”

இதற்குப் பின்னால் உளவியலாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளைக் கேமராவும் இதயத்துடிப்புக் கருவியும் வைத்துப் பார்த்து எழுதியவை இருக்கின்றன. பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படித் தொடங்குகிறது என்பதே நிறையச் சொல்லிவிடும் என்பார் அவர். தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவீதம் தீரவே தீராத விஷயங்கள், அவற்றோடு வாழப் பழகுவதுதான் வேலை என்பதும் அவர் கணக்கு. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காதில் ஒன்றும் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள் என்பது இந்த வகைக் கவுன்சிலர்களின் தாரக மந்திரம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நிலைத்திருப்பது இது ஒன்றுதான்.

இவரிடம் இருக்கும் பெரிய நன்மை, வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது கிடைக்கும். இரண்டாவது, சண்டை நின்றுவிடும். மேலே சொன்ன அளவுகோல்களில் இரண்டில் இவருக்கு நல்ல மதிப்பெண்.

மறைமுகச் செலவு வீட்டுப்பாடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒருவர் சமர்த்துப் பிள்ளையாக எழுதி முடிப்பார். இன்னொருவர் செய்யமாட்டார். இப்போது சண்டைக்குப் புதிதாக ஒரு தலைப்பு: “இதைக்கூட உன்னால செய்ய முடியல.” இப்படி ஆனதைக் கவனிக்காமல் மேலும் மேலும் பாடம் கொடுக்கிறவர் வாத்தியாராகவே மாறிவிடுவார். முதலில் சொன்ன 134 தம்பதிகளிலும், பழக்கங்களை நேரடியாக மாற்றச் சொன்ன முறை ஆரம்பத்தில் வேகமாக முன்னேறி, பிறகு தேங்கியது. மாறாததை ஏற்றுக்கொள்ளவும் இடம் கொடுத்த முறை மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. எட்டாவது செஷனில் சலிப்புத் தட்டினால், ‘நாம் தோற்றுவிட்டோம்’ என்று நினைக்காதீர்கள். ‘இவர் மாற்றிச் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டதோ?’ என்று யோசியுங்கள்.

## ஆழத்துக்குக் கூட்டிப்போகிறவர்

இவர் குரல் மெதுவானது. “லேட்டா வந்தா ஒரு போன் பண்ண மாட்டாரா?” என்று நீங்கள் பொரிந்தால் போனைப் பற்றிப் பேசமாட்டார். “ஒன்பது மணிக்கு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சு?” என்பார். பதில் வர நேரமாகும். வந்தபின் கணவன் பக்கம் திரும்பி, அதை அவரிடமே சொல்லச் சொல்வார். ‘என்னைப் பற்றி உனக்கு அக்கறை இல்லையோ என்று பயந்தேன்’ என்ற வாக்கியம், ‘ஒரு போன் பண்ண மாட்டியா’ என்பதைவிடக் கேட்க எளிது. சொல்வது பத்து மடங்கு கஷ்டம்.

1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய முறை இந்த வழியில் போவது. வழக்கமாக 8 முதல் 20 செஷன் என்று சொல்கிறார்கள். ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்க, இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்க, அவர் ஒதுங்க ஒதுங்க இவர் துரத்த என்று சுழல்கிற தம்பதிகளுக்கு இவரைத்தான் முதலில் சொல்வேன்.

செலவு இரண்டு. புண்ணைத் திறந்துவிட்டு, “நேரமாச்சு” என்று அனுப்புகிறவர் கையில் கிடைத்தால் அந்த வாரம் முழுக்க நரகம். கடைசிப் பத்து நிமிடத்தை மூடுவதற்கென்று ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். இன்னொன்று: ஒருவருக்கு வேறு தொடர்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்து, மற்றவர் அது தெரியாமல் தன் பயத்தையெல்லாம் கொட்டினால், பின்னால் உண்மை தெரியும்போது அது இரட்டை அவமானமாகிவிடும். தனியாகச் சொன்ன ரகசியத்தை என்ன செய்வீர்கள் என்று கவுன்சிலரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. “யாருடைய ரகசியத்தையும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்” என்பவரும் உண்டு, வைத்துக்கொள்பவரும் உண்டு. முன்கூட்டியே சொல்லாமல் நடுவில் தீர்மானிப்பவர்தான் ஆபத்து.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கேட்பவர் | தீர்ப்பு சொல்பவர் | பயிற்சி தருபவர் | ஆழத்துக்குப் போகிறவர் |
|---|---|---|---|---|
| இருவருக்கும் நம் ஆளா? | ஆரம்பத்தில் ஆம், போகப்போகச் சந்தேகம் | ஒருவருக்கு மட்டும் | வீட்டுப்பாடம் செய்பவர் பக்கம் சாயக்கூடும் | பெரும்பாலும் ஆம், மெதுவாக |
| சண்டையை நிறுத்துவாரா? | இல்லை | நிறுத்துவார், புகைச்சல் மிஞ்சும் | நிறுத்துவார் | திசை திருப்புவார் |
| வீட்டுக்கு என்ன வரும்? | ஒன்றுமில்லை | ஒரு தீர்ப்பு | சில பழக்கங்கள் | ஒரு புரிதல் |
| மறைமுகச் செலவு | நேரம், நம்பிக்கை | தோற்றவரின் விலகல் | புதிய சண்டை, தேக்கம் | திறந்த புண் |
| எப்போது பொருத்தம்? | இழப்பு, நின்றுபோன பேச்சு | பாதுகாப்புக் கேள்வி இருக்கும்போது, அதுவும் தனித்தனியாக | அடிக்கடி வெடிக்கிற சண்டை | துரத்தலும் ஒதுங்கலும் |

நிஜத்தில் யாரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். நல்லவர்கள் செஷனுக்குச் செஷன் மாறுவார்கள். தொடக்கத்தில் உள்ள கேள்வியைக் கேட்டவருக்கு நான் சொன்னது: வீடு பற்றி எரிகிறதென்றால் முதல் இரண்டு மாதம் பயிற்சி தருபவர், அனல் அடங்கியபின் ஆழத்துக்குப் போகிறவர். ஒரே ஆள் இரண்டும் செய்வாரென்றால் இன்னும் நல்லது. இரண்டாவது கவுன்சிலரின் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக இருந்தது என்பதற்காக அவரிடம் தொடராதீர்கள். வழக்கில் ஜெயித்து ஆளை இழப்பீர்கள்.

## தொடர்வதா, மாற்றுவதா

மூன்று செஷனாவது கொடுங்கள் என்பது என் சொந்தக் கணக்கு. முதல் நாள் எல்லாருமே நல்லபடியாக நடந்துகொள்வார்கள், நாம் உட்பட. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: குறையை அவரிடமே சொல்லுங்கள்.

இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. நார்வேயில் மோர்டன் ஆங்கர் குழுவினர் 205 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர், நிலைமை எப்படி இருக்கிறது, இன்றைய செஷன் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு முறையும் சிறிய படிவத்தில் குறித்துக்கொடுத்தார்கள். சிகிச்சையாளர் அதைப் பார்த்து நடந்துகொண்டார். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. இருவருமே தெளிவாகத் தேறிய தம்பதிகள் படிவம் கொடுத்த பக்கம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. படிவம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. “போன வாரம் நீங்க அவங்க பக்கம் பேசின மாதிரி இருந்துச்சு” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். “அப்படி இல்லையே, நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டீங்க” என்றால் வேறு ஆளைத் தேடலாம். “எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?” என்று கேட்டால் இன்னும் இரண்டு செஷன் உட்காரலாம்.

பேனா விஷயத்தை என் மனைவியேதான் சொன்னாள், நான்காவது செஷன் முடிவில், செருப்பு மாட்டிக்கொண்டே. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நீங்க பேசும்போது முகத்தைப் பார்க்கணும்னுதான் மூடி வச்சேன். சார் பேசுறது வரிசையில்லாம வரும், எழுதலேன்னா எனக்குப் பிடிபடாது. ஆனா உங்களுக்கு அது அப்படித் தெரியும்னு நான் யோசிக்கல” என்றார். வரிசையில்லாமல் பேசுபவன் என்று தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம். அவளுக்குச் சிரிப்பு. அந்த அறையில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த வாரம் போனபோது மேசை மேல் நோட்டு இல்லை. பேனா மட்டும் மூடியோடு கிடந்தது. ஒரு மணி நேரமும் அப்படியே கிடந்தது.